பெஸ்லான் பள்ளி முற்றுகை, 2004: மூன்று நாட்களும் அதன் பிறகு வந்த சட்டமும்

2004 செப்டம்பர் 1 காலை, ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியக் குடியரசில் பெஸ்லான் என்ற சிறு நகரத்தின் முதலாம் எண் பள்ளியை ஓர் ஆயுதக் கும்பல் பிடித்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் 1,100க்கும் மேல். செப்டம்பர் 3 மதியம் ஒரு மணியளவில் நடந்த வெடிப்புகளோடு முற்றுகை உடைந்தது. கும்பலைச் சேர்க்காமல் மொத்தம் 334 பேர் இறந்தார்கள். அவர்களில் 186 பேர் குழந்தைகள்.

பழி முற்றுகையிட்டவர்கள் மேல்தான், அதில் பேச்சே இல்லை. குழந்தைகளின் தலைக்கு மேல் குண்டு கட்டித் தொங்கவிட்டவர்கள் அவர்கள். ஆனால் ஒரு நிகழ்வை ஆராய்வது, அடுத்த முறை இன்னும் சிலரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதற்காக. அதனால் இங்கே கவனம் முழுக்க வெளியே நின்ற அரசின் மேல் இருக்கிறது. அது என்ன அறிந்திருந்தது, எதை முடிவு செய்தது, எதை முடிவு செய்யாமலே விட்டது என்பதுதான் கேள்வி. பணயக்கைதிகளின் பெயர்களைச் சொல்லவில்லை.

பின்னணி

ரஷ்யாவின் தெற்கில், தனி நாடு கேட்ட செச்னியாவில் 1994இல் தொடங்கிய போர் ஓய்ந்து, 1999இல் மறுபடி மூண்டது. இந்த இரண்டு போர்களின்போதும் நடந்த இரண்டு பெரிய பணயச் சம்பவங்கள் பெஸ்லானில் எடுக்கப்பட்ட முடிவுகளின் பின்னால் நிழலாக நிற்கின்றன.

முதலாவது, 1995 ஜூனில் தெற்கு ரஷ்யாவின் புத்யோனோவ்ஸ்க் நகர மருத்துவமனை. செச்னியப் பிரிவினைத் தளபதி ஷமில் பசாயெவ் தலைமையில் வந்த குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே பிடித்து வைத்தது. படைகள் உள்ளே நுழைய முயன்று தோற்றன. அப்புறம் பிரதமர் செர்னோமிர்தின் தொலைபேசியில் நேரடியாகப் பேசி, செச்னியாவில் போர் நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார். பணயக்கைதிகள் வெளியே வந்தார்கள். பசாயெவும் தப்பிப் போனான்.

இரண்டாவது, 2002 அக்டோபரில் மாஸ்கோவின் துப்ரோவ்கா நாடக அரங்கு. இந்த முறை அரசு விட்டுக்கொடுக்கவில்லை. அரங்குக்குள் மயக்க வாயுவைச் செலுத்திவிட்டுப் படை நுழைந்தது. கும்பல் முழுவதும் கொல்லப்பட்டது. பணயக்கைதிகளில் சுமார் 130 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரின் சாவுக்குக் காரணம் அந்த வாயுவும், வெளியே கொண்டுவந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்காததும்தான். என்ன வாயு என்பதுகூட மருத்துவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இந்த இரண்டிலிருந்தும் மாஸ்கோ எடுத்துக்கொண்ட பாடம், பேசினால் தோல்வி, அடித்தால் வெற்றி என்பது. துப்ரோவ்காவில் உயிர்கள் போனது தாக்குதலுக்குப் பிந்திய ஒரு மணி நேரத்தில்தான் என்ற பாடத்தை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. பெஸ்லானில் அந்தப் பாடம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் கீழே பார்க்கலாம்.

முன்பே கிடைத்த தகவல்

2004 ஆகஸ்ட் 24 இரவு, மாஸ்கோவிலிருந்து கிளம்பிய இரண்டு பயணிகள் விமானங்கள் நடுவானில் தகர்க்கப்பட்டன. ஆகஸ்ட் 31 அன்று மாஸ்கோவின் ரீஷ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தின் வாசலில் ஒரு பெண் தன்னைத்தானே வெடிக்கச் செய்துகொண்டார். நாடு முழுக்க எச்சரிக்கையில் இருந்த வாரம் அது.

அதைவிட முக்கியமானது வேறொன்று. பக்கத்துக் குடியரசான இங்குஷேத்தியாவுக்கும் வடக்கு ஒசேத்தியாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில், பள்ளி திறக்கும் நாளையொட்டி ஒரு கல்வி நிறுவனத்தின் மேல் தாக்குதல் திட்டமிடப்படுகிறது என்ற தகவல் பல நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்கு வந்திருந்தது. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதை ஆவணங்களோடு உறுதி செய்தது. நாள், இடம், இலக்கின் வகை மூன்றும் ஓரளவு தெரிந்த தகவல் இது. உளவுத் துறையில் இவ்வளவு குறிப்பான தகவல் கிடைப்பதே அரிது.

செப்டம்பர் 1 காலையில் பெஸ்லான் முதலாம் எண் பள்ளியில் காவலுக்கு இருந்தது ஆயுதம் இல்லாத ஒரு பெண் போலீஸ் மட்டும். பெற்றோருக்கோ பள்ளி நிர்வாகத்துக்கோ யாரும் எதுவும் சொல்லவில்லை. இங்குஷேத்தியக் காட்டில் கூடிய கும்பல் ராணுவ வகை லாரி ஒன்றில் ஏறி வந்தது. வழியில் ஒரு போலீஸ்காரரைப் பிடித்து, அவருடைய காரையும் எடுத்துக்கொண்டது. தடுக்க யாரும் இல்லை.

முதல் நாள்: செப்டம்பர் 1

ரஷ்யாவில் செப்டம்பர் 1 பள்ளி திறக்கும் நாள் மட்டுமில்லை, குடும்ப விழாவும்கூட. முதல் வகுப்பில் சேரும் பிள்ளையை அம்மா, அப்பா, பாட்டி, கைக்குழந்தையான தம்பி தங்கை எல்லோரும் சேர்ந்து அழைத்து வருவார்கள். ஆசிரியருக்குக் கொடுக்கப் பூங்கொத்து இருக்கும். முற்றத்தில் அணிவகுத்து நிற்கும்போது முதல் மணி அடிக்கப்படும். மாணவர் எண்ணிக்கையைவிட அதிகமானோர் அன்று முற்றத்தில் இருந்தது இதனால்தான். கும்பல் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

காலை ஒன்பது மணி தாண்டியதும் சுடத் தொடங்கினார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். மற்றவர்களைக் கட்டடத்துக்குள் விரட்டி, பெரும்பாலோரை உடற்பயிற்சிக் கூடத்தில் அடைத்தார்கள். சுமார் 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கூடம் அது. ஆயிரம் பேர் அதில் உட்கார்ந்தால் காலை நீட்ட இடமிருக்காது. எதிரெதிராக இருந்த இரண்டு கூடைப்பந்து வளையங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, அதில் குண்டுகளைத் தொங்கவிட்டார்கள். தரையிலும் குண்டுகள் வைத்தார்கள். அவற்றோடு இணைத்த மிதிவிசை ஒன்றின் மேல் ஒருவன் மாற்றி ஒருவன் காலை வைத்துக்கொண்டிருந்தான். காலை எடுத்தால் வெடிக்கும் என்று எல்லோருக்கும் காட்டினார்கள்.

ஒரு தகப்பன் எழுந்து, பதற்றப்படாமல் இருக்கும்படி எல்லோரையும் ஒசேத்திய மொழியில் கேட்டுக்கொண்டார். அவரைப் பிள்ளைகளின் கண்முன்னே சுட்டுக் கொன்றார்கள். அன்று பகலிலேயே எதிர்க்கக்கூடிய ஆண்களைத் தனியே கூட்டிப்போய், மேல்மாடி வகுப்பறை ஒன்றில் கொன்று, உடல்களை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார்கள். பேசுவதற்கு அவர்கள் கேட்ட ஆட்கள் வடக்கு ஒசேத்தியத் தலைவர், இங்குஷேத்தியத் தலைவர், குழந்தை மருத்துவர் லியோனித் ரோஷால் ஆகியோர். கோரிக்கை, செச்னியாவிலிருந்து ரஷ்யப் படைகள் வெளியேறி அதன் சுதந்திரத்தை ஏற்க வேண்டும் என்பது.

எண்ணிக்கை பற்றிய முடிவு

உள்ளே 354 பேர் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். தொலைக்காட்சியும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. ஊர்க்காரர்களுக்கு இது பொய் என்று உடனே தெரிந்தது. ஒவ்வொரு தெருவிலும் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கு அருகில் இருந்த கலாசார மன்றத்தில் கூடியிருந்த உறவினர்கள் தாங்களே பட்டியல் எழுதினார்கள்.

ஏன் இந்த எண்? பீதியைத் தவிர்க்கவும், நிலைமை கைக்குள் இருப்பதாகக் காட்டவும்தான் என்று நான் கருதுகிறேன். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கும்பல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தது. உயிர் தப்பியவர்கள் பின்னால் கொடுத்த சாட்சியத்தில் மறுபடி மறுபடி வருவது இதுதான்: அந்த எண்ணைக் கேட்டதும் அவர்கள் கொதித்தார்கள், உங்கள் உயிர் உங்கள் அரசுக்கே வேண்டாம் என்றார்கள், எண்ணிக்கையை 354 ஆகக் குறைத்துக் காட்டுகிறோம் என்று மிரட்டினார்கள். அதன் பின் தண்ணீர் நின்றது. கூடத்தின் வெப்பத்தில் குழந்தைகள் உடையைக் களைந்து உட்கார்ந்தார்கள், ஆசிரியர்களுக்கென்று கொண்டுவந்த பூக்களைத் தின்றார்கள், சிறுநீரைக் குடித்தார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 350 பேருக்கு வேண்டிய ஆம்புலன்சும் படுக்கையும் வேறு, 1,100 பேருக்கு வேண்டியது வேறு. வெளியே சொல்கிற பொய் எண், உள்ளே திட்டம் போடுகிற மேசைக்கும் வந்து சேர்ந்துவிடும்.

யார் தலைமை?

அப்போது நடைமுறையில் இருந்த 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நடவடிக்கைத் தலைமையகம் அமைய வேண்டும், அதற்கு ஒரே தலைவர் இருக்க வேண்டும். பெஸ்லானில் வடக்கு ஒசேத்தியத் தலைவர் இருந்தார், ரஷ்யாவின் உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி.யின் பிராந்தியத் தலைவர் இருந்தார், மாஸ்கோவிலிருந்து வந்த உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். பிராந்திய எஃப்.எஸ்.பி. தலைவர் முறைப்படி பொறுப்பேற்றது இரண்டாம் நாளில்தான். எடுத்த முடிவுகளுக்கு ஒழுங்கான எழுத்துப் பதிவும் இல்லை. தலைமை தெளிவாக இல்லாததால் முடிவெடுப்பதிலும் துறைகளை ஒருங்கிணைப்பதிலும் கடுமையான கோளாறுகள் நேர்ந்தன என்று நீதிமன்றம் பின்னால் சொன்னது.

பள்ளியைச் சுற்றி முறையான காவல் வளையமும் இல்லை. துப்பாக்கி ஏந்திய ஊர் ஆண்கள், உள்ளே பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நின்ற அப்பாக்கள், படைவீரர்களோடு கலந்து நின்றார்கள். அவர்களை அகற்ற யாருக்கும் மனம் வரவில்லை, அதிகாரமும் யாரிடம் என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள்: செப்டம்பர் 2

உள்ளே போய் வந்த ஒரே பேச்சாளர் ருஸ்லான் ஔஷெவ். இங்குஷேத்தியாவின் முன்னாள் தலைவர், முன்னாள் ராணுவத் தளபதி. மதியம் நடந்தே பள்ளிக்குள் போனார். கூடத்தைக் கண்ணால் பார்த்தார். இந்தக் கும்பலை அனுப்பிய பசாயெவின் கோரிக்கைகள் எழுதிய தாளை வாங்கிக்கொண்டார். கைக்குழந்தைகளும் அவர்களுடைய தாய்மார்களுமாக 26 பேரை வெளியே கூட்டி வந்தார்.

அந்த 26 பேரில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. கைக்குழந்தையோடு பெரிய பிள்ளைகளும் உள்ளே இருந்த தாய்மார்களுக்கு, மூத்த பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்பதுதான் உத்தரவு. ஒரு தாய் தன் கைக்குழந்தையை மட்டும் வெளியே கொடுத்தனுப்பிவிட்டு மூத்த பிள்ளைகளோடு உள்ளேயே இருந்துவிட்டார். அவர் உயிரோடு திரும்பவில்லை.

தவித்த உறவினர்களுக்கு இது முதல் நம்பிக்கை. பேசினால் பலன் உண்டு என்பதற்கும் இந்த மூன்று நாட்களில் கிடைத்த ஒரே சான்று. செச்னியப் பிரிவினைத் தலைவர் அஸ்லான் மஸ்கதோவை வரவழைக்கும் முயற்சியும் இடைத்தரகர்கள் வழியாக நடந்தது. ஆனால் பேச்சை முன்னெடுத்துப் போகும் அதிகாரம் கொண்டவர் மேசையில் இல்லை. ரோஷால் தொலைபேசியில் தண்ணீரும் மருந்தும் அனுப்பட்டுமா என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள்: செப்டம்பர் 3

முதல் நாள் தூக்கி எறியப்பட்ட உடல்கள் வெயிலில் கிடந்தன. அவற்றை எடுக்க மதியம் கும்பல் சம்மதித்தது. அவசரநிலை அமைச்சகத்தின் நான்கு ஊழியர்கள் லாரியில் பள்ளி முற்றத்துக்குள் போனார்கள். ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குக் கூடத்தில் பெரிய வெடிப்பு. அரை நிமிடத்துக்குள் இரண்டாவது. அந்த நால்வரில் இருவர் உயிரிழந்தார்கள்.

வெடிப்புக்கு என்ன காரணம் என்பதில் இன்றுவரை இரண்டு தரப்பு. தொங்கவிட்ட குண்டுகளே வெடித்தன என்பது அதிகாரபூர்வ விசாரணையின் முடிவு. வெளியிலிருந்து ஏவிய ஆயுதங்களால்தான் தொடங்கியது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவிலேயே இருந்த வெடிபொருள் வல்லுநர் யூரி சவேலியெவ் தனி அறிக்கை எழுதினார்.

சுவரில் விழுந்த ஓட்டை வழியாகவும் ஜன்னல் வழியாகவும் குழந்தைகள் வெளியே குதித்தார்கள். கும்பல் அவர்களை முதுகில் சுட்டது. சிறப்புப் படை அந்த நிமிடத்தில் தயாராக இல்லை. அல்ஃபா, விம்பெல் பிரிவுகளின் ஒரு பகுதி வேறோரிடத்தில் இதே மாதிரியான கட்டடத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஓடி வந்தவர்களில் சிலருக்குக் குண்டு துளைக்காத கவசம்கூட இல்லை. பல வீரர்கள் தங்கள் உடம்பையே மறைப்பாக வைத்துக் குழந்தைகளை வெளியேற்றினார்கள். சிறப்புப் படையில் பத்து பேர் அன்று இறந்தார்கள், அந்தப் பிரிவுகளின் வரலாற்றில் ஒரே நடவடிக்கையில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு. தலைமையின் கோளாறுகளைச் சொல்லும்போது இவர்களை அதில் சேர்த்துவிடக் கூடாது.

கூடத்தின் கூரை தீப்பற்றியது. உள்ளே காயத்தோடு எழ முடியாமல் கிடந்தவர்கள் மேல் எரியும் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தது முதல் வெடிப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து. குண்டும் தீயும் இருக்கும் என்று முதல் நாளே தெரிந்த இடத்தில், தீயணைப்புக்கு என்று யாரும் திட்டம் போடவில்லை. துப்ரோவ்காவில் தவறவிட்ட பாடம் இங்கே மறுபடி வந்து நின்றது. காயம்பட்டவர்களில் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவை ஊர்க்காரர்களின் சொந்தக் கார்கள்.

மிச்சமிருந்த பணயக்கைதிகளைக் கும்பல் சாப்பாட்டுக் கூடம் இருந்த பகுதிக்கு இழுத்துப் போய், குழந்தைகளையும் பெண்களையும் ஜன்னல்களில் நிறுத்தியது. அந்தக் கட்டடத்தின் மேல் கையெறி குண்டு ஏவிகளும், வெப்ப அழுத்தக் குண்டு வீசும் ‘ஷ்மெல்’ ஆயுதங்களும், டாங்கிப் பீரங்கியும் பயன்படுத்தப்பட்டன. ஷ்மெல் பயன்படுத்தவே இல்லை என்று அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். பக்கத்து அடுக்குமாடிகளின் கூரைமேல் கிடந்த காலிக் குழாய்களை ஊர்க்காரர்கள் பொறுக்கி எடுத்து வந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

சண்டை இரவு வரை நீடித்தது. கும்பலில் 32 பேர் என்பது அரசின் கணக்கு. ஒருவன் மட்டும் உயிரோடு பிடிபட்டு 2006இல் ஆயுள் தண்டனை பெற்றான். மறுநாளே இடிபாடுகளை லாரிகளில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களில், தீயில் கருகியதால், சாவுக்கு என்ன காரணம் என்று கண்டறிய முடியாமல் போனது.

அரசு எடுத்த நடவடிக்கைகள்

பத்தே நாளில், செப்டம்பர் 13 அன்று, குடியரசுத் தலைவர் புதின் ஓர் அறிவிப்பு செய்தார். பிராந்திய ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஒழிக்கப்படும் என்றார். பள்ளி முற்றுகைக்கும் ஆளுநர் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே பலர் கேட்டார்கள். அதிகாரம் ஒரே கோட்டில் மேலிருந்து கீழே வர வேண்டும் என்பது அரசின் பதில். 2012இல்தான் நேரடித் தேர்தல் ஒரு வடிவில் திரும்பியது.

பயங்கரவாத எதிர்ப்பில் உண்மையான மாற்றம் 2006இல் வந்தது. பிப்ரவரியில் எஃப்.எஸ்.பி. இயக்குநர் தலைமையில் தேசியப் பயங்கரவாத எதிர்ப்புக் குழு அமைந்தது. ஒவ்வொரு பிராந்தியத்திலும் நிரந்தர நடவடிக்கைத் தலைமையகம் உருவானது. மார்ச் 6 அன்று, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் கையெழுத்தானது. சம்பவம் நடந்தால் யார் தலைவர் என்று தேட வேண்டிய அவசியம் இனி இல்லை. ராணுவத்தைப் பயன்படுத்தவும், கடத்தப்பட்ட விமானத்தைச் சுட்டு வீழ்த்தவும் சட்டம் வழி தந்தது. உயிர்களைக் காப்பாற்றப் பேசலாம், ஆனால் அரசியல் கோரிக்கைகளைப் பரிசீலிக்கக் கூடாது என்றது.

தலைமைக் குழப்பத்தைச் சரிசெய்தது நல்ல மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலை அடக்கும்போது நேரும் சேதத்தைச் சட்டப்படி சரியானது என்கிறது. உள்ளே குழந்தைகள் இருக்கும்போது எந்த ஆயுதம் கூடாது என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அது. அரசு பெஸ்லானிலிருந்து கட்டளையிடக் கற்றுக்கொண்டது, கணக்குச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

ரஷ்யாவுக்கு வெளியேயும் தாக்கம் இருந்தது. வளையம் போடு, நேரத்தை இழு, பேசு என்பதுதான் பணயச் சம்பவங்களில் பல நாட்டுப் போலீசின் அடிப்படைப் பாடம். வந்த வேகத்தில் குண்டு கட்டி, ஆண்களைக் கொன்று, சாகத் தயாராக நிற்கும் கும்பலிடம் அது எவ்வளவு தூரம் எடுபடும் என்ற விவாதம் பெஸ்லானுக்குப் பிறகு தீவிரமானது. அமெரிக்கக் கல்வித் துறை 2004 அக்டோபரிலேயே பெஸ்லானைச் சுட்டிக்காட்டிப் பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியது.

விசாரணையும் தீர்ப்பும்

எச்சரிக்கை கிடைத்தும் செயல்படாத உள்ளூர் போலீஸ் அதிகாரிகள் மேல் வழக்குகள் வந்தன. ஒன்று பொது மன்னிப்பில் முடிந்தது, இன்னொன்றில் ஜூரி விடுதலை செய்தது. தலைமையகத்தில் இருந்த எவருக்கும் தண்டனை இல்லை. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் சங்கம் அமைத்து, நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தார்கள். 409 பேர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள்.

2017 ஏப்ரல் 13 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் இருந்தும் தடுக்கவில்லை, மீட்பைத் திட்டமிட்டு நடத்தவில்லை, பணயக்கைதிகள் உள்ளே இருக்கையில் கண்மூடித்தனமான ஆயுதங்களைப் பயன்படுத்தியது, ஒழுங்காக விசாரிக்கவில்லை என நான்கிலும் உயிர்வாழும் உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. சுமார் 30 லட்சம் யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ரஷ்ய அரசு தீர்ப்பை ஏற்க முடியாது என்றது. அதன் மேல்முறையீட்டுக் கோரிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடியானது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

எச்சரிக்கை முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் பள்ளி. விழாவை ஒரு நாள் தள்ளிவைக்கத் தலைமை ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பீதி வரும் என்ற பயத்தில் தகவலைப் பூட்டி வைத்தால், அது ஆபத்தில் இருப்பவருக்குத் தவிர எல்லோருக்கும் பயன்படும்.

எண்ணிக்கை தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லலாம், அல்லது சொல்லாமலே இருக்கலாம். குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் போதாது. பட்டியலை உறவினர்களோடு சேர்ந்து முதல் நாளே எடுத்திருந்தால், மருத்துவமனைகளுக்கு வேண்டிய கணக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கும்.

பேசப் போகிறவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஔஷெவ் வெறும் கையோடு போய் 26 பேரைக் கொண்டுவந்தார். அந்த வழி திறந்திருக்கும்போதே அடுத்த சுற்றுக்கு ஆளும் அதிகாரமும் தயாராக வைப்பது தலைமையகத்தின் வேலை. அதே நேரம், நாம் தேர்ந்தெடுக்காத நிமிடத்தில் எல்லாம் வெடிக்கும் என்று வைத்துக்கொண்டு, ஒரு பிரிவு எப்போதும் கவசத்தோடு வாசலில் நிற்க வேண்டும். ஒத்திகைக்கு முழுப் படையையும் அனுப்பக் கூடாது.

ஆயுதங்களுக்கான விதி எழுத்தில் இருக்க வேண்டும்: பணயக்கைதிகள் இருக்கும் கட்டடத்தின் மேல் டாங்கியும் ஷ்மெல்லும் எந்த உத்தரவின் பேரில், யார் கையெழுத்தில், எத்தனை மணிக்கு ஏவப்பட்டன என்று பின்னால் எவரும் படித்துப் பார்க்கும்படி. தீயணைப்பு வண்டிகள் தண்ணீரோடு, கவசமுள்ள வழித்துணையோடு, முதல் நாள் மாலையிலேயே வளையத்துக்குள் நிற்க வேண்டும். அப்புறம் அந்த இடிபாடு. ஒவ்வொரு கல்லையும் சலித்து, ஒவ்வொரு எச்சத்தையும் இன்னாருடையது என்று கண்டறியும்வரை ஒரு லாரியும் உள்ளே வர விட்டிருக்கக் கூடாது. எப்படி இறந்தாள் என் பிள்ளை என்று கேட்ட தாய்க்குச் சொல்வதற்கான பதில் அந்தக் குவியலில்தான் இருந்தது.